சின்ன ட்ரெயிலர், உப்புக்காற்று, ஒரு வீட்டுச் சாமான்

வாகனத்தின் பின்னால் இழுத்துப்போய் உள்ளே தங்கும் 12 அடி ட்ரெயிலர் ஒன்றில் கட்டிலுக்குக் கீழுள்ள பெட்டியை அளந்து பாருங்கள். 1.9 மீற்றர் நீளம், 60 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் என்றால் உள்ளே 400 லீற்றர் இடம் இருக்கிறது. அதை அரிசியால் நிரப்பினால் பாரம் 300 கிலோவைத் தாண்டும். அந்த ட்ரெயிலர் சாமானுக்கென்று தாங்கக்கூடியதோ பெரும்பாலும் 200 கிலோவுக்குள்தான். மூலை மூலையாகத் தட்டு அடிக்கத் தொடங்குபவர்கள் தவறவிடும் கணக்கு இதுதான். இடம் முடிவதற்கு முன்பே பாரம் முடிந்துவிடும்.

திருகோணமலைக் கரையில் இதோடு உப்பும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கடலை ஒட்டி நிறுத்தப்படும் வண்டிக்குள் வாடைக்காலத்தில் பலகை ஊதும், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுருங்கும். உப்புத் தூசி படிந்த இடம் வெயிலிலும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் சுவர் முழுக்க மூடிய அலுமாரி கட்டிக் காட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். இங்கே அதே வேலையைச் செய்தால் இரண்டாவது மாரிக்குள் உடுப்பில் பூஞ்சணம் பிடிக்கும், பிணைச்சல் துருவேறும். இந்தக் கரைக்கு ஏற்றது வலை, துணிப்பை, தொங்கல், அவற்றோடு இறுக்கமான மூடியுள்ள சில பெட்டிகள். மூடிய அலுமாரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

முதலில் பாரத்தை முடித்துவிடுவோம். மொத்தம் 750 கிலோவுக்கு அனுமதியுள்ள ட்ரெயிலர், வெறுமையாக 560 கிலோ என்று வையுங்கள். மிச்சம் 190. தண்ணீர் 40 லீற்றர் என்றால் 40 கிலோ. 100 ஆம்பியர் மணி ஈய பற்றரி 28 கிலோவை ஒட்டி வரும் (அதே அளவு லித்தியம் பொஸ்பேற் என்றால் 12 கிலோ, விலை வேறு கதை). 5 கிலோ காஸ் நிரம்பிய சிலிண்டர் இரும்போடு சேர்த்து 10 கிலோவுக்கு மேல். 12 மி.மீ. பிளைவூட் 8 × 4 அடித் தாள் ஒன்று 20 கிலோ அளவில் இருக்கும். அலுமாரிக்கென்று இரண்டு தாள் வெட்டினால் 40 போய்விட்டது. சாப்பாடு, சட்டி, உடுப்பு, மெத்தை எல்லாவற்றுக்கும் கையில் நிற்பது 70 கிலோ. ஆகவே சாமான் வைக்கக் கட்டும் பெட்டியே சாமானைவிடப் பாரமாகிவிடக்கூடாது. 12 மி.மீ. தேவைப்படுவது ஆள் இருக்கும், படுக்கும் இடங்களுக்கு மட்டும். மற்ற இடங்களுக்கு 6 மி.மீ. தாள் (சுமார் 10 கிலோ), அதன் விளிம்பில் 20 × 20 மி.மீ. சட்டம் ஒட்டினால் போதும். முதிரைப் பலகை கிடைக்கிறது என்று அதில் அலுமாரி அடிக்கும் ஆசை இந்தப் பக்கத்தில் வருவது இயல்பு. கன மீற்றருக்கு 900 கிலோவைத் தொடும் மரம் அது. வீட்டில் நிற்கட்டும்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. தண்ணீர், பற்றரி, ரின் சாப்பாடு, கருவிப் பெட்டி எல்லாம் தரையோடு, அச்சின் மேலோ அதற்குச் சற்று முன்னாலோ இருக்க வேண்டும். பின் மூலையில் இடம் காலியாக இருக்கிறதே என்று 20 லீற்றர் கானை அங்கே வைத்தால், இழுவைக் கொக்கியில் அழுத்தம் குறைந்து, கந்தளாய்ப் பக்கத்து நேர் வீதியில் வேகம் கூடும்போது ட்ரெயிலரின் பின்புறம் இடமும் வலமுமாக வீசத் தொடங்கும். ஒருமுறை தொடங்கினால் அதை அடக்குவது கடினம். கொக்கியில் மொத்தப் பாரத்தின் பத்தில் ஒரு பங்கு இறங்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல். 750 கிலோவுக்கு 75. இதை அளக்கச் சாதாரண ஆள் நிறுக்கும் தராசே போதும். சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு அடைகட்டை வைத்து, எல்லாச் சாமானும் ஏற்றியபின், கொக்கியின் வழக்கமான உயரத்துக்கு வெட்டிய மரக்குற்றியைத் தராசின்மேல் நிறுத்தி, கொக்கியை அதன்மேல் இறக்குங்கள். 40 காட்டினால் தண்ணீரை முன்னுக்குத் தள்ள வேண்டும். 110 காட்டினால் பின்னுக்கு. இழுக்கும் வாகனத்தின் கொக்கிக்கும் ஒரு வரம்பு உண்டு. வாகனக் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு 20 லீற்றர் கானை விட 5 லீற்றர்ப் போத்தல் நான்கு நல்லது. சில்லு மூடிக்கு முன்னும் பின்னும் முக்கோணமாக வீணாகும் இடத்தில் சரியாக உட்காரும். ஒன்று முடிந்தால் இன்னொன்றை இடம் மாற்றிப் பாரத்தைச் சமப்படுத்தலாம். சின்னப் பிள்ளையும் தூக்கும்.

வலைத் தட்டு

மேல்சுவரில் கதவுள்ள அலுமாரிக்குப் பதிலாக வலை. இதற்குப் பொருள் வாங்க மீன்பிடிச் சாமான் கடையைத் தவிர வேறெங்கும் போகவேண்டாம். ஒற்றை இழை நைலோன் வலை வேண்டாம், அது பொத்தானிலும் விரலிலும் சிக்கும். முறுக்கு நூலில் பின்னிய, ஒன்றரை அங்குலக் கண் (38 மி.மீ.) வலையைக் கேளுங்கள்.

1.8 மீற்றர் நீளத் தட்டுக்கு 1.8 மீற்றர் வலை வெட்டினால் வலை கோடாக நீண்டு நிற்கும், உயரம் கிடைக்காது. வலை கட்டும் தொழிலாளியைக் கேட்டால் உடனே சொல்வார்: இழுத்த நீளத்தில் பத்துக்கு ஏழு பங்காகத் தொங்கவிட்டால்தான் கண் சதுரமாகத் திறக்கும். எனவே 1.8 மீற்றருக்கு 68 கண் வேண்டும். இழுத்தால் 2.58 மீற்றர், கட்டியபின் 1.8. உயரம் 30 செ.மீ. வேண்டுமென்றால் 11 கண். இந்தக் கணக்கில் வெட்டிய வலை உள்ளே பை பருத்திருந்தாலும் நெகிழ்ந்து கொடுக்கும். பையை எடுத்தபின் தொய்ந்தும் போகாது.

தட்டின் அடி 6 மி.மீ. பிளைவூட், ஆழம் 25 செ.மீ. ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஒரு 20 மி.மீ. துளை போட்டால் காற்றும் போகும், பாரமும் சிறிது குறையும். முன்விளிம்பில் 60 மி.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்புச் சட்டம் கட்டாயம் வேண்டும். பயணத்தில் சாமான் முன்னுக்கு நகர்ந்து வந்து நிற்கும். தடுப்பு இல்லாவிட்டால் வலையை அவிழ்த்த கையோடு எல்லாம் தலையில் விழும்.

வலையின் கீழ் வரிசைக் கண்களுக்குள் 4 மி.மீ. நைலோன் கயிற்றைக் கோத்து, தடுப்புச் சட்டத்தின் உட்பக்கத்தில் 15 செ.மீ.க்கு ஒரு பிடியாக இறுக்கிவிட வேண்டும். மேல் வரிசையில் றப்பர் உள்ள 6 மி.மீ. எலாஸ்டிக் கயிறு. அதை 1.6 மீற்றராக வெட்டி 1.8க்கு இழுத்துக் கட்டினால் போதிய விறைப்பு கிடைக்கும். அதற்கு மேல் இழுத்தால் றப்பர் சீக்கிரம் செத்துவிடும். சுவரின் மேற்பக்கத்தில் 45 செ.மீ.க்கு ஒரு கொக்கி. வெட்டிய நுனிகளை எல்லாம் நெருப்பில் வாட்டி உருக்கி அமர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் பிரியும். எலாஸ்டிக் கயிறு இந்த வெயிலில் நீண்டநாள் உழைக்காது. இழுத்து விட்டதும் பழைய நீளத்துக்குச் சுருங்காவிட்டால் மாற்றிவிட வேண்டும். அறும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை.

இந்தத் தட்டில் வைக்கக்கூடியது உடுப்பு, துவாய், போர்வை, ரொட்டிப் பக்கற் மாதிரி இலேசானவை மட்டும். தலைக்கு மேலே ரின் மீன் வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

சுவர் தாங்குமா?

பெரும்பாலான சிறிய ட்ரெயிலர்களின் சுவர் வெளியே அலுமினியத் தகடு, நடுவே ஃபோம், உள்ளே 3 மி.மீ. பிளைவூட். இந்த 3 மி.மீ. பலகையில் திருகிய ஸ்க்ரூ பாரம் தாங்காது. பள்ளங்களில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு மயிரளவு வெளியே வரும். உள்ளே சட்டம் ஓடும் இடத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து அதிலேயே பிடிக்க வேண்டும். சட்டம் கிடைக்காத இடத்தில் 60 மி.மீ. அகலப் பலகைப் பட்டியை பொலியூரேதேன் பசையால் சுவரோடு ஒட்டி, அது முழுதாக இறுகியபின் அந்தப் பட்டியில் ஸ்க்ரூ அடிக்கலாம். பாரம் ஒரு புள்ளியில் இறங்காமல் பரந்து போகும். வெளித்தகட்டையும் துளைத்துப் போல்ட் போடுவதைக் கடைசி வழியாக வையுங்கள். போட்டே ஆகவேண்டுமென்றால் தலைக்குக் கீழே தண்ணீர் புகாமல் அடைக்கும் பியூட்டில் நாடா வைக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும், வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் வேண்டாம். இறுகும்போது அது விடும் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

உலோகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மினுங்கும் முலாம் பூசிய சாதாரண ஸ்க்ரூ கடலோரத்தில் ஒரு மாரியைத் தாண்டுவதே பெரிது. ஸ்டெயின்லெஸ் 304 உள்ளே போதும். வெளியே 316 வேண்டும். அதில் சேர்க்கும் மொலிப்டினம்தான் உப்பின் அரிப்பைத் தடுக்கிறது. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸை நேரடியாக அலுமினியத்தில் இறுக்கினால், உப்பு நீர் நடுவே புகுந்ததும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே நைலோன் வாசர் வைத்து, இழையில் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். தகடுகளைப் பிணைக்கும் பொப் ரிவெற்றிலும் ஒரு பொறி இருக்கிறது. உடல் அலுமினியமாக இருந்தாலும் நடுக் கம்பி பெரும்பாலும் இரும்பு. உடைந்த துண்டு உள்ளேயே தங்கித் துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு இறக்கும். கம்பியும் அலுமினியமான ரிவெற் கேட்டு வாங்க வேண்டும்.

ஒட்டும் கொக்கிகள், வெல்க்ரோ நாடாக்கள் பற்றிக் கேட்பவர்கள் பலர். ஆவணி வெயிலில் பூட்டிக் கிடக்கும் ட்ரெயிலருக்குள் சூடு 50 பாகையை எட்டும். இவற்றின் பசை 40ஐத் தாண்டினாலே இளகும். அதே காரணத்தால் லைட்டர், பவர் பாங்க், ஸ்பிரே ரின், மெழுகுவர்த்தி, மருந்து எதையும் மேல்தட்டில் விட்டுப் பூட்டிப் போகக்கூடாது.

லாச்சி

லாச்சி எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைத் தீர்மானித்த பிறகுதான் மரம் வெட்ட வேண்டும். பிரேக் பிடித்ததும் பாரம் எல்லாம் முன்னுக்குப் பாயும். முன்பக்கம் பார்த்துத் திறக்கும் லாச்சி அப்போது தானாக வெளியே வரும். குறுக்கே, அதாவது இடமோ வலமோ திறக்கும்படி அமைத்தால் இந்தத் தொல்லை பெரும்பகுதி தீரும்.

குண்டு உருளும் இரும்புத் தண்டவாளம் வீட்டுக் குசினியில் சுகமானது. இங்கே உப்பும் நிலாவெளி மணலும் அதற்குள் போனபின் ஒரு வருடத்தில் கரகரக்கும், பிறகு இறுகும். அதைவிட மரத்தில் ஓடும் மரமே நம்பிக்கை. அலுமாரிக்கு வேண்டாமென்று சொன்ன முதிரை இங்கே பொருந்தும். 20 × 10 மி.மீ. துண்டு இரண்டு, மேற்பரப்பை நன்றாக மினுக்கி, மெழுகுவர்த்தியால் தேய்த்தால் வழுவழுவென்று ஓடும். லாச்சிக்கு இரண்டு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். கச்சான் காலத்தில் வேலை செய்யும் தச்சர் 1 மி.மீ. போதும் என்பார், அவர் சொன்னதில் பிழையில்லை, வாடை வரும்வரை.

தானாகத் திறக்காமலிருக்கப் பூட்டுத் தேவையில்லை. லாச்சியின் அடிப்பலகையில், முன்முகப்புக்குச் சற்று உள்ளே, 10 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு விடுங்கள். சட்டத்தின் கீழ்க்கட்டையை ஓடுபாதைக்கு மேல் 10 மி.மீ. உயர்த்தி வையுங்கள். உள்ளே தள்ளியதும் வெட்டு கட்டையின் மேல் விழுந்து உட்காரும். வெளியே எடுக்க, தூக்கி இழுக்க வேண்டும். எந்தக் குலுக்கலும் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது அரிது. பலர் மறப்பது மேல் இடைவெளியை. தூக்குவதற்கு லாச்சிக்கு மேலே 15 மி.மீ. ஆவது வெறுமையாக இருக்க வேண்டும். ஆறேழு கிலோவுக்கு மேல் சாமான் போடும் லாச்சிக்கு இந்த முறை சரிவராது, கை வலிக்கும். அதற்கு ஸ்டெயின்லெஸ் தாழ்ப்பாள் ஒன்று. காந்தப் பிடியை எங்கும் போடாதீர்கள், முதல் பள்ளத்திலேயே விட்டுவிடும்.

பிளைவூட்டின் வெட்டு விளிம்புகளுக்கு வார்னிஷ் மூன்று பூச்சு. முதல் பூச்சைத் தின்னர் கலந்து இளக்கினால் நாருக்குள் இறங்கும். முகப்பை மட்டும் பளபளப்பாக்கி விளிம்பை விட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும். சிப்போர்ட், எம்.டி.எஃப். இரண்டும் இந்தக் கரைக்குச் சரிவராது.

கட்டிலடிப் பெட்டிக்கு வருவோம். மெத்தையைத் தூக்கித்தான் திறக்க முடியும் என்றால் அந்தப் பெட்டியில் இருப்பதை யாரும் எடுக்கமாட்டார்கள். முன்பக்கத்தில் 30 செ.மீ. உயரக் கதவு இரண்டு வையுங்கள், மேல்மூடியை ஆண்டுக்கு இருமுறை தேவைப்படும் சாமானுக்கு மட்டும் விட்டுவிடுங்கள். மூடியை நிறுத்தி வைக்கும் காஸ் தண்டு உப்பில் புள்ளி விழுந்து எண்ணெய் கசியும். சுவரில் ஒரு கொக்கி, மூடியில் ஒரு நாடா, அதுவே போதும். மெத்தைக்கடியில் முழுப்பலகை வேண்டாம். 60 மி.மீ. சட்டங்களை 40 மி.மீ. இடைவெளியில் அடித்து, மேலே தும்புத் தடுக்கு விரித்து, அதன்மேல் மெத்தை. இரவில் உடம்புச் சூட்டில் எழும் ஈரம் கீழே இறங்கிப் பரவ வழி கிடைக்கும். தடுக்கை அவ்வப்போது வெயிலில் போடுங்கள்.

காஸ் சிலிண்டரை எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வெளியில் மட்டும் திறக்கும், அடியில் துளையுள்ள தனிப் பெட்டியில், நிமிர்த்தி, நாடாவால் கட்டி வைக்க வேண்டும். அந்தத் துளையை மறைக்கும்படி எதையும் அதற்குள் திணிக்காதீர்கள். ஓடும்போது வால்வ் மூடியிருக்க வேண்டும்.

குசினி

நம்மூர்ச் சமையலுக்கு என்ன சாமான் வேண்டும் என்று வெளிநாட்டு ட்ரெயிலர் கட்டியவருக்குத் தெரியாது. இடியப்ப உரலுக்கும் தட்டுகளுக்கும், புட்டுக் குழலுக்கும், துருவலைக்கும் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றது. உட்கார்ந்து துருவும் துருவலை இடத்தைத் தின்னும். மேசை விளிம்பில் திருகும் கைப்பிடித் துருவலை நல்லது. ஆனால் அதன் பிடி இறுக, மேசைப் பலகை 25 மி.மீ. தடிப்பாகவும், விளிம்பு 5 செ.மீ. வெளியே நீண்டும் இருக்க வேண்டும். மேசை செய்யும்போதே அந்த மூலையில் அடியில் ஒரு துண்டுப் பலகை ஒட்டித் தடிப்பாக்குங்கள். புட்டுக் குழலுக்குள் கரண்டிகளைச் செருகி வையுங்கள். இடியப்பத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமலிருக்க ஒரு சாரத் துண்டில் சுற்றிக் கட்டினால் சரி. பழைய சாரம் ஒன்று ட்ரெயிலரில் செய்யும் வேலைகளுக்குக் கணக்கே இல்லை.

தூள்களுக்கு ஒரே அளவான சதுரப் போத்தல்கள். வட்டப் போத்தல் நான்கு சேர்ந்தால் நடுவே வீணாகும் இடத்தை எண்ணிப் பாருங்கள். லாச்சிக்குள் நிறுத்துவதால் பெயரை மூடியில் எழுதுங்கள். திருகு மூடிதான் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போகும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். இங்கே அமர்த்தி மூடிய மூடி அங்கே தானாகத் திறந்து மிளகாய்த்தூள் லாச்சி முழுக்கப் பரவும். ஷாம்பு, எண்ணெய்ப் போத்தல்களும் இப்படித்தான் கசியும். மலைநாடு போகிறதென்றால் புறப்படுமுன் அவற்றை ஒருமுறை திறந்து, லேசாக நெரித்துக் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.

வெங்காயம், உள்ளி, வாழைப்பழம் ஆகியவற்றுக்கு உறி. மூடிய பெட்டியில் சின்ன வெங்காயம் மூன்றாம் நாள் வேர்க்கும், பிறகு அழுகல் மணம். சீலிங் சட்டத்தில் ஒரு கண் ஸ்க்ரூ போட்டு உறியைத் தொங்கவிட்டால் காற்றாடி நிற்கும், எறும்புக்கும் ஒரே வழிதான். ஓடும்போது உறி ஊசலாடிச் சுவரை இடிக்கும். அதன் அடியிலும் ஒரு கொக்கி வைத்துக் கீழே இழுத்துக் கட்டுங்கள், அல்லது கழற்றித் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள்.

தயிர்ச் சட்டி வீதியோரத்தில் வாங்கினால் அதை எங்கே வைப்பது என்ற பிரச்சினை எல்லோருக்கும் வரும். குசினித் தொட்டியின் மேல் போடும் மூடிப்பலகை ஒன்று செய்து, அதில் சட்டியின் வயிற்றைவிடச் சிறிதாக வட்டத் துளை ஒன்று வெட்டுங்கள். சட்டி பாதிவரை இறங்கி நிற்கும், சாயாது, சிந்தினாலும் தொட்டிக்குள்தான். சட்டியே இல்லாத நாட்களில் அந்தப் பலகை காய் வெட்ட.

கருவாடு வாங்காமல் திருகோணமலையை விட்டுப் போகிறவர் குறைவு. அதை ட்ரெயிலருக்குள் எந்தப் பெட்டியிலும் வைக்கவேண்டாம். பொலித்தீன் இரண்டு சுற்றினாலும் மெத்தை மணக்கும். றப்பர் வளையமுள்ள திருகு மூடி வாளி ஒன்றில், கடதாசியில் சுற்றி, முன்னாலுள்ள வெளிப்பெட்டியில். கருவாட்டு உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் கடதாசியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மீனுக்கு ரெஜிபோம் பெட்டி. அதன் அடியில் ஒரு குழாய் பொருத்தி உருகிய தண்ணீரை வெளியே விடாவிட்டால் அந்த மணமும் உள்ளேதான்.

வெளியே

பாய், கூடாரக் கம்பி, தூண்டில் தடி போன்ற நீளச் சாமான்களுக்கு உள்ளே இடம் தேடுவது வீண் வேலை. பாய் மட்டும் விதிவிலக்கு. 6 அடிப் பாயைச் சுருட்டினால் சீலிங்கின் அகலத்துக்குள் இரண்டு நாடாவில் அடங்கும். மற்றவற்றுக்கு 110 மி.மீ. பி.வி.சி. குழாய், 1.8 மீற்றர். ஒரு முனையில் பசை போட்டு அடைத்த மூடி, மறுமுனையில் திருகு மூடி. ட்ரெயிலரின் அடிச் சட்டகத்தைத் துளைக்காமல், அதைச் சுற்றிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளால், 60 செ.மீ.க்கு ஒன்றாகக் கட்டுங்கள். போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே பழைய ரியூப் றப்பர். குழாயின் அடி அச்சுத் தண்டைவிடக் கீழே இறங்கக்கூடாது, மணலில் இறக்கும்போது முதலில் இடிபடுவது அதுவாகத்தான் இருக்கும். ரயரிலிருந்து 8 செ.மீ. ஆவது தள்ளி இருக்கட்டும். பிரேக் கம்பியைத் தொடவே கூடாது. திருகு மூடி பின்பக்கம் பார்க்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் மழைநீர் விசையோடு இழை வழியே புகும். எப்படி வைத்தாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் சேரும், ஆகவே இரண்டு முனையிலும் கீழ்ப்பக்கமாக 6 மி.மீ. துளை.

வாசலில் செருப்புக்கு ஒரு பெட்டி. அடி பலகையில்லாமல் 5 மி.மீ. ஓட்டையுள்ள பிளாஸ்டிக் வலை. மணல் தானாக உதிர்ந்துவிடும்.

வெளியே விடும் எதுவும் பூட்டோடு இருக்க வேண்டும். குரங்கு கொக்கியைக் கழற்றும், சிப்பைக் கிழிக்கும். திருகோணமலை நகரத்து மான்கள் பொலித்தீன் பையையும் மெல்லும்; அவற்றின் வயிற்றுக்காகவேனும் குப்பையை உள்ளே எடுத்து வையுங்கள். எறும்பு ஏறும் வழிகள் ஜாக் கால், கொக்கிச் சில்லு, ரயர், மின் வயர், தண்ணீர்க் குழாய், கூரையைத் தொடும் கொப்பு. வீட்டில் அலுமாரிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதுபோல, வெட்டிய போத்தல் அடியில் தண்ணீர் ஊற்றி ஜாக் கால்களை நிறுத்தலாம். சவர்க்காரத் துளி ஒன்று கட்டாயம் விடுங்கள், இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வெறும் தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். வயரிலும் குழாயிலும் ஒரு விரல் அகலத்துக்கு வாசலீன் பூசினால் போதும்.

வாடை தொடங்குமுன் ட்ரெயிலரை நிறுத்தி வைப்பவர்கள் உள்ளே இருக்கும் சாப்பாட்டுச் சாமான் முழுவதையும் இறக்கிவிட வேண்டும். மெத்தையை நிமிர்த்தி, லாச்சிகளை 5 செ.மீ. திறந்து, எலாஸ்டிக் கயிறுகளைக் கொக்கியிலிருந்து கழற்றித் தளர்த்தி, காற்றுத் துவாரங்களைத் திறந்தபடி விடுங்கள். உலோகம், பலகை எல்லாவற்றையும் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் உப்புப் படலம் அப்படியே தங்கும். அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். கொக்கிப் பக்கத்தை 5 செ.மீ. உயர்த்தி நிறுத்தினால் கூரைத் தண்ணீர் பின்னால் வழிந்துவிடும். மறுபடி எடுக்கும்போது, கீழேயுள்ள குழாயின் 6 மி.மீ. துளைகளைப் பாருங்கள், பெரும்பாலும் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறந்தபின் தடிகளை ஏற்றலாம்.